கப்பல் பெட்டியில் கேழ்வரகு: தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியக அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களையும் பாப்பாரப்பட்டியில் உள்ள சுப்பிரமணிய சிவா நினைவிடத்தையும் கவனித்துவரும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கடற்கரையே இல்லாத இரண்டு மாவட்டங்களில் பழைய பயணிகள் கப்பலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. கேழ்வரகும் கொள்ளும் கொட்டி வைத்திருக்கும் தகரப் பெட்டிகளின் மூடியைத் தடவிப் பார்த்தால், சிலவற்றில் பாதி உரிந்த கப்பல் கம்பெனிச் சீட்டு கையில் படும். அந்தப் பெட்டிகள் எடைக்குப் போகும் முன் நீங்கள் கைவைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இரண்டும் சேலம் ஜில்லாவாக இருந்த காலத்தில் இங்கிருந்து கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–தருமபுரி குறுகிய ரயில் பாதைகள் 1905, 1906-ல் ஓடத் தொடங்கின. இலங்கைக்குப் போகிறவர் முதலில் தூத்துக்குடி வழியாகவும், 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் படகு ஏறித் தலைமன்னாருக்கும் போனார். மலாயாவுக்குப் போகிறவர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலில் ஏறினார். 1856-ல் கல்கத்தா–பர்மா கம்பெனியாகத் தொடங்கி, 1862-ல் பெயர் மாறிய நிறுவனம் அது. அதன் 'ரஜுலா' 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தனி அறை இல்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் போகும் தளப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதனோடு பிறந்த 'ரோனா' 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் குண்டு பட்டு மூழ்கியது. இறந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேல் அமெரிக்கப் படையினர்.

இன்னொரு தொடர்பு உங்கள் நினைவிடத்திலேயே இருக்கிறது. 1906 அக்டோபரில் வ.உ.சி. பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கத்துக்காகத் தூத்துக்குடியில் மேடை ஏறிய சிவா, 1908-ல் அவரோடு சிறை போனார். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார். தூத்துக்குடிக் கப்பல் கதையின் ஒரு முனை நம் மண்ணில்தான் முடிகிறது. ஆகவே கப்பல் பகுதி ஒன்று அமைப்பதற்கு நியாயம் தேடி அலைய வேண்டியதில்லை. அதில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதில்தான் சிக்கல்.

முதலில், வைக்கக் கூடாதது. பித்தளை டெலிகிராப் (இயந்திர அறைக்குக் கட்டளை அனுப்பும் கருவி), மணி, திசைகாட்டி, தொலைநோக்கி என்று 'பழைய கப்பல் சாமான்' விற்பவர்கள் நிறைய. இவற்றில் பெரும்பாலானவை ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் இப்போது வார்ப்பவை. அலங்காரத்துக்கு நன்றாக இருக்கும், வரலாற்றுக்கு ஆகாது. சோதிக்கச் சில வழிகள் உண்டு. திருகாணியைப் பாருங்கள். குறுக்குவெட்டுத் தலை ஆணி 1930-களில் வந்தது, 1906-ம் ஆண்டுக் கப்பலின் பொருளில் அது இருக்க முடியாது. டெலிகிராபின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உண்மையானதில் இயந்திர அறைக்குக் கட்டளை கொண்டுபோன சங்கிலிப் பல்சக்கரமும், உராய்ந்து தேய்ந்த தடமும் இருக்கும். போலி உள்ளே வெறுமையாக இருக்கும். லிவர்பூல் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருப்பதை நம்ப வேண்டாம், போலியிலும் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். பச்சைக் களிம்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்ந்திருந்தால் அமோனியா காட்டிய வேலை. கை படும் இடம் வழவழப்பாகவும் மூலைகள் கறுத்தும் இருப்பதே இயல்பு. 'ரஜுலாவில் இருந்தது, ஆலங்கில் வாங்கியது' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் ஒரே கேள்வி போதும். குஜராத்தில் உள்ள ஆலங் கப்பல் உடைப்புத்துறை தொடங்கியது 1983-ல். ரஜுலா உடைந்து ஒன்பது ஆண்டு கழித்து!

சுதேசி நாவாய்ச் சங்கத்தின் பங்குப் பத்திரம் என்று வருவதையும் இப்படியே பார்க்க வேண்டும். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு 40,000, பங்கு ஒன்று 25 ரூபாய். எண்கள் இதோடு ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒத்துவந்தால் பத்து மடங்கு உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். அந்தக் கால அச்சு காகிதத்தில் பதிந்து, எழுத்தின் ஓரத்தில் மை ஒதுங்கி நிற்கும். வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது கணினி அச்சு. சுதேசிக் கப்பல் என்று வரையும் படங்களில் நான்கு புகைபோக்கிகளை நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டது. நான்கு புகைபோக்கி அட்லாண்டிக்கில் ஓடிய பெரிய கப்பல்களின் அடையாளம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியதற்கு அது எதற்கு? மாதிரி செய்யச் சொன்னால் இதையாவது முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் மாதிரி என்றால் புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை.

இனி, வைக்க வேண்டியவை. இவற்றுக்குச் சந்தை விலை கிடையாது, அதனால்தான் அழிகின்றன.

முதலிடம் தகர வில்லைக்கு. 1900-களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிக்குக் கொடுத்தது. ஓர் எழுத்து தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும், எண் தோட்டத்தைக் குறிக்கும். கழுத்தில் கயிறு கோத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். வழியில் யாரும் அவரிடம் பேசாமலேயே எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, செலவை யார் கணக்கில் எழுதுவது என்று முடிவாகிவிடும். இதை ரேஷன் வில்லை, நாய் வில்லை என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறார்கள். சிலர் இதையே 'துண்டு' என்கிறார்கள், அது வேறு. இன்ன கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத்து துரை எழுதிக் கொடுத்த காகிதம்தான் துண்டு. 1921-ல் சட்டம் அதை ஒழித்தது. தோட்டத்திலிருந்து விடுபட்டவர் கையில் இருந்தது பற்றுச்சீட்டு. மூன்றுக்கும் மூன்று பெயர்ப்பலகை வேண்டும்.

வில்லையைக் கெடுப்பது பெரும்பாலும் துரு அல்ல, நம் புளிதான். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், தகரப் பூச்சு கரைந்து அடியில் உள்ள இரும்பு வெளியே வரும். அடுத்த மழைக்காலத்தில் எழுத்தே இருக்காது. உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். எண் படிக்க முடியாவிட்டால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். நிழலில் எழுத்து எழும். அப்படியே படம் எடுத்துவிட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உலோகத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. காகிதத்துக்கு 45 முதல் 55 வரை வேண்டும். இரண்டையும் ஒரே கண்ணாடிப் பேழையில் வைத்தால் ஒன்று கெடும்.

அடுத்தது பெட்டி. கம்பெனிச் சீட்டுகளில் இரண்டு வகை இருக்கும்: பயணத்தின்போது தேவை என்பது ஒன்று, தேவையில்லை என்பது மற்றொன்று. முதல் வகை ஒட்டிய பெட்டி ஆளோடு இருக்கும், இரண்டாவது அடிக்கிடங்குக்குப் போகும். தளப் பயணி பாயை விரித்த இடமே அவர் அறை என்பதால், சீட்டே இல்லாமல் கயிறு கட்டிய தடம் மட்டும் உள்ள பெட்டியையும் ஒதுக்காதீர்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பெயரும் ஊரும் இருந்தால் அதுவே ஆவணம். மறுபூச்சு அடித்து 'புதுசாக்கி' வைப்பதை மட்டும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மரச் சட்டத்தில் பூச்சி இருந்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகிவிடும்.

காகிதம்தான் அதிகம் கிடைக்கும், அதிகம் கெடுவதும் அதுதான். பயணச்சீட்டு, அம்மைத் தடுப்புச் சான்று, கடவுச்சீட்டு, அஞ்சலட்டை, கப்பல் தளத்தில் நின்று எடுத்த படம். வீட்டார் நல்லெண்ணத்தோடு இவற்றை லேமினேஷன் செய்து கொண்டுவருவார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரிக்க முயல வேண்டாம், அப்படியே வைத்து ஸ்கேன் செய்யுங்கள். இன்னும் லேமினேஷன் ஆகாதவற்றைப் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை சில ஆண்டில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டாம். ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். ஆனால் பசை தொடும் முன் ஒன்று கவனியுங்கள். அந்தக் கால அலுவலகங்களில் நகல் எடுப்பதற்கான 'காப்பியிங்' பென்சிலால் எழுதுவது வழக்கம். பார்ப்பதற்குச் சாதாரணப் பென்சில் போல இருக்கும், ஒரு சொட்டு நீர் பட்டால் ஊதாவாகக் கரைந்து பெயரையே விழுங்கிவிடும். சந்தேகம் இருந்தால் கிழிசலைக் கிழிசலாகவே விட்டுவிடுவது உத்தமம். ஸ்கேன் இரண்டு பக்கமும், அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், ஓரத்தில் ஓர் அளவுகோலோடு. பின்பக்கத்தை விட்டுவிட்டால் முத்திரையும் ஸ்டூடியோ பெயரும் போய்விடும்.

தேதி இல்லாத காகிதத்துக்குத் தேதி கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாகக் கொள்ளலாம். முகவரியில் தருமபுரியைச் சேலம் ஜில்லா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1965 அக்டோபர் 2-க்கு முன். துறைமுகம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றிருந்தால் 1972-க்கு முன், போர்ட் கிளாங் என்றால் பின். சிலோன் என்றிருந்தால் 1972 மே மாதத்துக்கு முன். அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். மலாயா நுழைவு அனுமதி பற்றிய முத்திரை என்றால் 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத்தை நினைவில் வையுங்கள். பன்னாட்டுத் தடுப்பூசிச் சான்றும் உதவும். பெரியம்மைக்கு மூன்று ஆண்டு, காலராவுக்கு ஆறு மாதம் செல்லும் என்பதால், ஊசி போட்ட தேதியிலிருந்து பயணம் எந்த மாதங்களுக்குள் நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடிதத்தில் 'பாக்போ' (Paquebot) என்ற முத்திரை இருந்தால் அது நடுக்கடலில், கப்பலிலேயே அஞ்சலில் சேர்த்தது. அந்த உறையைத் தனியாக எடுத்து வையுங்கள். அஞ்சல்தலையை வெட்டிக்கொண்டு உறையை எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

பெயர்ப்பலகைத் தமிழிலும் கொஞ்சம் கவனம் தேவை. எல்லாவற்றையும் 'நீராவிக் கப்பல்' என்று எழுதிவிடுகிறார்கள். 'எஸ்.எஸ்.' என்றால் நீராவி, 'எம்.வி.' என்றால் டீசல் மோட்டார். ரஜுலாவுக்குப் பின் அதே வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1966-ல் பிரான்சுக்காகக் கட்டிய மோட்டார்க் கப்பல். 1972-ல் இந்தியா வாங்கியது. 1985-ல் தீப்பற்றிய பிறகு அந்த வழியே நின்றுபோனது. வேலையாட்களின் பெயரையும் அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள்: செராங்கு, டிண்டல், சுக்கானி, கலாசி, பண்டாரி. 'மாலுமி' என்ற ஒரே சொல்லில் அனைவரையும் அடக்கினால் யார் கயிறு இழுத்தார், யார் சோறு பொங்கினார் என்பது போய்விடும்.

பொருள் கொடுப்பவர்கள் தயங்குவது விலைக்காக அல்ல. திரும்பி வருமா என்ற பயம்தான் காரணம். ஆகவே நன்கொடைப் படிவத்தோடு இரவல் படிவமும் வேண்டும். பொருளின் அளவு, ஏற்கெனவே உள்ள சேதம், வாங்கிய நாள், திருப்பித் தரும் நாள் எல்லாம் எழுதி, ஒரு படி அவர்கள் கையில். காகிதத்தில் எண் இட 2பி பென்சில் மட்டும். உலோகத்தில் நேராக எழுத வேண்டாம். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை ஒரு பூச்சுப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் மையால் எழுதினால், தேவைப்படும்போது அடையாளமே இல்லாமல் துடைத்துவிடலாம்.

போய்வந்த பெரியவர்களிடம் பேசும்போது 'பயணம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'கஷ்டம்தான் தம்பி' என்பதோடு முடியும். எந்த ஊரில் ரயில் ஏறினீர்கள், முகாமில் எத்தனை நாள், பாயை எந்தப் பக்கம் விரித்தீர்கள், அரிசி யார் கொடுத்தது, தண்ணீருக்கு எங்கே வரிசை, கூட யார் வந்தது என்று கேளுங்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து திரும்பி வந்தவர்களிடம், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். போன கதையைச் சேர்த்துவிட்டு, வந்த கதையை விட்டுவிடக் கூடாது.

ஏடுகளில் நம் ஊரைத் தேடுவதற்கும் ஒரு குறிப்பு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-ல் போன ட்ரூரோ கப்பல் தொடங்கி, சென்னையில் ஏறியவர்களின் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கின்றன. தருமபுரி என்று தேடினால் அகப்படாது. சேலம் ஜில்லாவுக்குள் போய், 'கிஸ்ட்னகெரி' (கிருஷ்ணகிரி), 'ஊசூர்' (ஓசூர்) என்று வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டில் தேட வேண்டும். மலாயா, இலங்கை பற்றிய குடிபெயர்வு நடவடிக்கைக் கோப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இதற்கெல்லாம் தனிக் கட்டடம் கேட்கவில்லை. ஆளுக்கு ஓர் இரும்பு அலமாரி, ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், மாதம் ஒரு நாள் 'பெட்டி கொண்டு வாங்க' என்று ஓர் அறிவிப்பு. நடுகற்களை வயலிலிருந்து மீட்டு வந்து வரிசையாக நிறுத்தியவர்கள் நீங்கள். கல் காத்திருக்கும், தகரமும் காகிதமும் அப்படி இல்லை. முதல் வேலையாக, வாரச் சந்தைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் எடைக்கு வரும் டிரங்குப் பெட்டிகளை உடைக்கும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லி, கடைக்காரர்களிடம் உங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டுகிறோம். பெட்டியின் எடைக்கு அவர்கள் கொடுத்த காசை நீங்கள் கொடுத்தால், தருவார்கள்.

இப்படிக்கு,
பழைய பயணிகள் கப்பல் ஆவணங்களைத் தேடிப் படிப்போர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி