கோடை விழாவுக்கு ஒரு கூரை வேண்டும்

நீலகிரி கோடை விழாவை நடத்தும் மாவட்ட நிர்வாகத்துக்கும், தோட்டக்கலை, சுற்றுலாத் துறையினருக்கும்,

வணக்கம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோம். கீழே சமவெளியில் அது அக்னி வெயில். நம் மலையில் காலையில் பளிச்சென்று விடியும், மதியச் சாப்பாட்டுக்குள் மேகம் இறங்கும், இரண்டு மணிக்கெல்லாம் இடியும் மழையும் வந்துவிடும். கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டியில் ரோஜாவும் மலரும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம் என்று நாம் விழா எடுப்பது இதே மே மாதத்தில்தான். ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளாக மழையும் கூடவே வருகிறது. ஆனாலும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இன்னும் வானம் பார்த்த மேடையில்தான் நடக்கின்றன.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு விழா நடந்த ஒரு பூங்காவுக்குப் போனேன். பொம்மலாட்டம் இருக்கிறது என்று சின்னவள் ஒரு வாரமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, மழை கொட்டியது. மைக்கை அணைத்தார்கள், பொம்மைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே முப்பது பேர் ஒட்டிக்கொண்டு நின்றோம். மாமியாருக்கு உட்கார இடமில்லை. பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள்.

அங்கே வெள்ளை முண்டும் தலைக்கட்டுமாக படகர் சமூகத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். அழுதுகொண்டிருந்த என் மகளைப் பக்கத்தில் இழுத்து, தன் ஹட்டிக்குள், அதாவது ஊருக்குள், கரடி வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதி படகர் மொழி, பாதி தமிழ். ஐந்து நிமிடத்தில் பத்துப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். மழை விட்டது யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் மகள் பூவைப் பற்றிப் பேசவில்லை, அந்தக் கரடியைப் பற்றித்தான் பேசினாள். ஒரு கூரையும் ஒரு பாயும் கதை சொல்லத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும் என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

உங்களிடம் கேட்பதும் அதைத்தான். விழா அட்டவணையில் ஒவ்வொரு சனி, ஞாயிறுக்கும் ஒரு 'மழை நிகழ்ச்சி' இருக்கட்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. மே மாதம் பள்ளிகளுக்கு விடுமுறை, அரங்குகள் பூட்டிக் கிடக்கின்றன. ஊர்தோறும் சமுதாயக் கூடம் இருக்கிறது, கிளை நூலகம் இருக்கிறது. பொம்மலாட்டத்தை அங்கே மாற்றினால் நனைய எதுவுமில்லை.

என்ன நடத்துவது என்று வெளியூரில் தேட வேண்டியதும் இல்லை, நம் மலைப் பழங்குடிகளிடமே இருக்கிறது. தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற சால்வையில் போடும் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் நூலிழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் போடுகிற வேலை அது. ஊட்டியில் பிறந்த எத்தனை பிள்ளைகள் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்? ஆலு குறும்பர்கள் வேங்கைப் பிசினில் படம் வரைகிறார்கள். கோத்தர் பெண்கள் மண்பாண்டம் வனைகிறார்கள். அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து, ஒரு மதியம் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லுங்கள். ஸ்டால் போட்டு விற்கச் சொல்வது வேறு, கற்றுக்கொடுக்கக் கூப்பிடுவது வேறு.

மழையையே நிகழ்ச்சியாக்கலாம். 2019 ஆகஸ்டில் நம் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்ததைச் செய்தியில் கேட்டோம். அது எவ்வளவு என்று ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? நேரான சுவர் கொண்ட ஒரு டப்பாவும் ஒரு அளவுகோலும் கொடுத்து, வாசலில் வைத்து அளக்கச் சொன்னால் புரியும். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை அதிகம், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழை அதிகம். ஒரே மாவட்டத்தில் ஏன் இப்படி என்று ஒரு வரைபடத்தை விரித்துப் பேசினாலே ஒரு மணி நேரம் போகும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மலை இது. மழையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பயம் மட்டும் தெரிந்தால் போதாது.

2024 மே மாதம் கனமழை எச்சரிக்கை வந்தபோது 18 முதல் 20 வரை சுற்றுலாப் பயணிகள் வருவதைத் தவிர்க்கும்படி மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டது. சரியான முடிவு. ரெட் அலர்ட் நாளில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம், எல்லோரும் வீட்டில் இருப்பதுதான் பாதுகாப்பு. நான் பேசுவது மற்ற நாட்களின் சாதாரண மதிய மழையைப் பற்றி. வெளியூர்க்காரர் அறையைக் காலி செய்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம். நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம். கோடை மழை பெய்ததும் தேயிலைக் கொழுந்து வேகமாக வருகிறது, எஸ்டேட்டில் வேலை கூடுகிறது, தொழிலாளர் லைன் வீட்டுத் தாய்மாருக்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கிறது. அந்த ஒரு நாளும் மழையில் போனால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கைபேசி மட்டும்.

இன்னொன்று, இதற்குப் பணம்கூடத் தேவையில்லை. மழையால் நிகழ்ச்சியின் இடம் மாறினாலோ ரத்தானாலோ முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். பந்தலூர், சேரம்பாடிக்காரர்களுக்கு இன்னும் தூரம். விடியற்காலை பஸ் பிடித்து, குழந்தையோடு வளைவெல்லாம் வாந்தி எடுத்து வந்து சேர்ந்த பிறகு, 'இன்று இல்லை' என்ற அட்டையைப் பார்ப்பது கொடுமை. பஸ் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் ஒரு தாள் ஒட்டினால் போதும், எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை.

கூடத்தில் பால் கொடுக்க ஒரு தடுப்பு, தண்ணீர் வரும் கழிப்பறை, பெரியவர்களுக்குப் பத்து நாற்காலி, சூடாகக் கொஞ்சம் டீ. வேறு வசதி எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

முதல் ஆண்டு எல்லா ஊரிலும் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். வட்டத்துக்கு ஒரு கூடம் எடுத்து, மே மாதத்து ஞாயிறுகளில் மட்டும் நடத்திப் பாருங்கள். குன்னூர் வட்டத்தில் பாய் விரிக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் வரத் தயாராக இருக்கிறோம். அடுத்த விழாவின் அட்டவணை அச்சுக்குப் போகுமுன் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்