ஓக்வென் ஏரிப் படம் வந்து சேர்ந்தது

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. வேல்ஸிலிருந்து நீ அனுப்பிய ஓக்வென் ஏரிப் படம் வந்து சேர்ந்தது. அம்மா அதைத் தெருவில் நான்கு வீட்டுக்குக் காட்டிவிட்டாள். ஏரியின் மேல் மூடுபனி இறங்கியிருப்பதையும், பின்னால் ட்ரைவன் மலை மூன்று முகடுகளோடு நிற்பதையும் எல்லோரும் பார்த்து வியந்தார்கள். நான் மட்டும் படத்தின் ஓரத்தில் பாதி விழுந்திருக்கும் உன் காரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சென்ற மே மாதம் நீ எங்களை அந்த ஏரியோரச் சாலையில் அழைத்துப்போன நாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தோரு ஆண்டு இருந்தவனுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. பெத்தெஸ்தாவைத் தாண்டி நான்ட் ஃப்ராங்கன் பள்ளத்தாக்கின் சரிவோடு சாலை ஏறியபோது, இன்ஜின் சத்தம் சற்றும் மாறாததைக் கவனித்து ஏற்றம் எவ்வளவு என்று கேட்டேன். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். லண்டனிலிருந்து ஹோலிஹெட் துறைமுகம் வரை, அயர்லாந்துக்குப் போகும் தபால் வண்டிகளுக்காக, தாமஸ் டெல்ஃபோர்ட் 1815இல் தொடங்கிய வேலை அது. குதிரைகள் மூச்சு வாங்காமல் இழுக்க வேண்டும் என்பதற்காக, இருபது அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாதபடி பாறையை வெட்டியும் தாங்குசுவர் எழுப்பியும் அந்த மலைப்பகுதியைக் கடந்திருக்கிறார். 1826இல் மெனாய் நீரிணையின் மேல் தொங்கு பாலமும் திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட சாலையில் என் மகள் தினமும் வேலைக்குப் போய்வருகிறாள் என்று நடைப்பயிற்சி நண்பர்களிடம் நான் சொல்லாத நாளில்லை.

ஆனால் சாலை எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு ஓட்டுகிறவரை அது அயர்த்தும். பாங்கர் மருத்துவமனையிலிருந்து பெத்தூஸ் அ கோய்டில் உன் வீடு வரை ஏறக்குறைய இருபது மைல். இரவுப்பணி முடிந்த கையோடு வண்டியை எடுக்காதே. மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்பு. 2023 செப்டம்பரில் ஊர்களுக்குள் முப்பது மைல் வேகத்தை இருபதாகக் குறைத்தது எரிச்சலாக இருக்கிறது என்றாய். என்னைக் கேட்டால், வேல்ஸ் அரசுக்கு ஒரு மாலை போடுவேன். வளைவுகளுக்கு முன்னால் தரையிலேயே வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் ‘மெதுவாக’ என்று எழுதியிருப்பதைக் காட்டி, “அராவ், அராவ் என்று ரோடும் உங்களை மாதிரியே புலம்புகிறது அப்பா” என்று நீ சொன்னபோது அம்மா அரை மணி நேரம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இருந்தாலும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டோ இரவெல்லாம் விழித்துவிட்டோ ஓட்டாதே என்று மறுபடியும் சொல்கிறேன். காபி குடித்தால் போதும் என்று நினைக்காதே.

காபெல் கீரிக்கில் திரும்பி, க்வினான்ட் ஏரியின் ஓரமாக இறங்கி, பெத்கெலெர்ட் கிராமத்துக்குப் போனோம் அல்லவா? அங்கே ஆற்றோரம் ஒரு மரத்தடியில் நாயின் கல்லறை இருந்தது. இரத்தக்கறையோடு வந்த வேட்டை நாய் தன் குழந்தையைக் கொன்றுவிட்டது என்று எண்ணி லிவெலின் இளவரசர் அதை வெட்டிவிட்டு, பிறகு உயிரோடிருந்த குழந்தையையும் செத்துக்கிடந்த ஓநாயையும் பார்த்தார் என்று நீ கல்லில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாய். “நம் கீரிப்பிள்ளைக் கதைதானே இது?” என்றாள் அம்மா. ஊர் விடுதிக்காரர் ஒருவர் வியாபாரத்துக்காகக் கட்டிவிட்ட கதை என்றும் நீ சொன்னாய். நான் பாதியிலேயே காருக்குத் திரும்பிவிட்டேன். முழங்கால் வலி என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டீர்கள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

தொப்பூரில் அன்று நடந்ததை நான் சொன்னபடியே நீயும் இத்தனை ஆண்டுகளாக நம்பிவருகிறாய். ஓரமாக நின்ற லாரிக்குப் பின்விளக்கு எரியவில்லை என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று நாள் தொடர்ந்து பணித்தளத்தில் இருந்துவிட்டு, உன் அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஓட்டிக்கொண்டு வந்தவன், இறக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். கண் திறந்தபோது அந்தச் சிவப்பு விளக்குகள் இரண்டும் என் முகத்துக்கு நேரே இருந்தன. அந்த ஓட்டுநர் வழக்குக்காக இரண்டு வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார்; நானே எதிரில் நின்று சாட்சி சொன்னேன். ஒரு பொறியாளரின் வார்த்தையை யாரும் சந்தேகப்படவில்லை. உன் அம்மா இன்றும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறாள். அந்தச் சத்தம் மாடிக்கு வரும்போதெல்லாம் நான் செய்தித்தாளை விரித்துக்கொள்கிறேன்.

இப்போது உன் காருக்கு வருகிறேன். இடப்பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. கதவில் கைப்பிடிக்குக் கீழே நீளவாக்கில் மூன்று கோடுகள் தெரிகின்றன. ஆடு குறுக்கே வந்து மோதினால் தகடு ஒடுங்கும். இப்படிக் கோடு விழாது. அந்தச் சாலையோரக் கற்சுவர்களை நான் இறங்கித் தொட்டுப் பார்த்தவன். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அடுக்கியவை. விளிம்பெல்லாம் கத்தி போல இருக்கும். படம் வந்து பதினொரு நாளாகிறது, அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, உனக்கு எங்கே அடிபட்டது என்பதை மட்டும் எழுது. கண்ணாடியை மாற்றும்வரை பேருந்தில் போய் வா.

அம்மாவிடம் தொப்பூரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் சொல்லப்போகிறேன். அன்று இரவு அவள் உன்னை அழைத்தால், உடனே எடு.

அன்புடன்,
அப்பா