வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பரிசோதனைக்கு அழைத்தால் 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்று பலரும் நழுவுகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸின் தொற்று நீடித்து, புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இத்தனை அவகாசம் இருந்தும் பெண்களை இழப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு பரிசோதனை, 45க்குள் இன்னொன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. கூச்சப்படுபவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அப்புறம், நோய் உறுதியானவர்களைப் 'பாவம்' என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள். மருத்துவர் சொல்லும் அளவுக்கு நடப்பது சிகிச்சையால் வரும் சோர்வைக் குறைக்கும். வேலைக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு நிறுவனங்கள் வேலை நேரத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கட்டும்.

- ஒரு வாசகி