தரங்கம்பாடி என்றால் கோட்டை மட்டுமா?

ஐயா,

விடுமுறை நாட்களில் தரங்கம்பாடிக்கு வருபவர்களில் பலர், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை முன் செல்ஃபி எடுத்து, கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கோட்டை அழகுதான், சரி. ஆனால் கூப்பிடு தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழில் புதிய ஏற்பாட்டை இதே ஊரில் அச்சிட்டவர். வெளியூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

கோட்டை வாசலில் ஊரின் வரைபடத்தைக் கண்ணில் படும்படி, தமிழில் பெரிதாக வைக்கலாம். நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர் இது. அப்புறம், நிழல். உச்சி வெயிலில் அந்த மணலில் குழந்தைகளோடு நிற்க முடியாது. கோட்டையிலிருந்து கோயில் வரை பூவரச மரங்களும் குடிநீரும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் இருந்தால் மக்கள் மாலை வரை தங்குவார்கள். சுண்டல் விற்பவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

- ஒரு வாசகர், மயிலாடுதுறை