பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் நம் பள்ளி கேண்டீனில் குளிர்பானம், சிப்ஸ், பஃப்ஸ், கிரீம் பிஸ்கட் ஆகியவை விற்கப்படமாட்டா. இதற்கான காரணத்தையும் இதில் உங்களிடம் நான் வேண்டுவதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இது பள்ளி தானாக வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு அன்று. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட ஒரு பொதுநல வழக்கில் தொடங்கிய முயற்சி, 2020 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிமுறையாக வெளிவந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். விதி வந்த பின்னும் நம் வளாகத்துக்குள்ளேயே அது மீறப்பட்டு வந்திருக்கிறது. அதற்கு நானே பொறுப்பு. பள்ளிப் பெயர்ப்பலகையின் பாதியை ஒரு குளிர்பான விளம்பரம் பிடித்திருந்ததை நாள்தோறும் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பலகை சென்ற வாரம் அகற்றப்பட்டது.

பிள்ளையின் உடல் பருமனை நாக்கை அடக்கத் தெரியாததன் விளைவாகவோ, தாயின் செல்லத்தின் விளைவாகவோ பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பசியோடு வகுப்பிலிருந்து வெளியே வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கண்முன் மலிவாகவும் பளபளப்பாகவும் கிடைப்பவை இவைதாம் என்றால், தவறு அந்தப் பிள்ளையுடையது ஆகாது. வழக்கமான குளிர்பானத்தில் 100 மில்லி லிட்டருக்குப் பத்து கிராமுக்கும் மேல் சர்க்கரை உண்டு. 250 மில்லி லிட்டர் புட்டி ஒன்றைக் குடித்தால் ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மிகை எடையுள்ளோர் 2015-16-இல் 2.1 விழுக்காடாக இருந்து 2019-21-இல் 3.4 விழுக்காடாக உயர்ந்தனர். எண் சிறியதாகத் தோன்றலாம். அது ஏறும் வேகம் எனக்குக் கவலை தருகிறது. எடை குறைந்த பிள்ளைகளும் அதே வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. சத்தில்லாத தீனி இரு சாராருக்கும் கேடுதான்.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ மிகுந்த பொட்டலங்களின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை இடப்படுகிறது. அத்தகைய பொருள்களைப் பள்ளிகளில் விற்கவும் தடை உண்டு. நம் பொட்டலங்களிலோ பின்புறத்தில் உள்ள பொடி எழுத்துகளைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடவேளைகளில் அவற்றைப் படித்துக் கணக்கிடக் கற்பிக்கவிருக்கிறோம்.

கேண்டீனில் இனிச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, நீர்மோர், கொய்யா, வாழைப்பழம் ஆகியவை கிடைக்கும். கடலை மிட்டாய் வாரம் ஒருநாள் மட்டுமே, வெல்லமும் சர்க்கரைதான். வருவாய் குறையும் என்ற ஒப்பந்ததாரரின் கவலை நியாயமானது என்பதால் வாடகையைக் குறைக்க நிர்வாகம் இசைந்துள்ளது. வாசலில் நெல்லிக்காயும் கொய்யாவும் விற்கும் பாட்டியை இந்த விதி தொடாது. அவரை யாரும் விரட்டமாட்டார்கள்.

மற்றொரு மாற்றமும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது நம் பள்ளியில் பல்லாண்டுப் பழக்கம். வளரும் பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும்போது, வாரத்தில் கிடைக்கும் அந்தச் சொற்ப நேரத்தையும் நாமே பறித்து வந்தோம். தேர்வு மாதத்திலும் இனி அது நடக்காது.

உங்களிடம் நான் வேண்டுவன இவை. கைச்செலவுக்குப் பணம் கொடுப்பதைவிடச் சிறு டப்பாவில் ஏதேனும் தின்பண்டம் கொடுத்தனுப்புங்கள். நேரமில்லையெனில் ஒரு பழம் போதும். பிறந்தநாளன்று வகுப்புக்குச் சாக்லேட் தருவதற்கு மாற்றாக நூலகத்துக்கு ஒரு புத்தகம் தரலாம். எந்தப் பிள்ளையையும் ‘குண்டு’ என்று வீட்டிலும் அழைக்காதீர்கள். அப்படி அழைக்கப்பட்டு மதிய உணவையே மறைத்து உண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உயரம், எடை அளவீட்டு விவரங்கள் இனி வகுப்பில் வாசிக்கப்படமாட்டா. மூடிய உறையில் உங்களிடமே தரப்படும்.

50 மீட்டருக்குள் உள்ள கடைக்காரர்களை அடுத்த வாரம் நேரில் சந்திக்கவிருக்கிறேன். அவர்களும் இதே ஊரில் பிழைப்பவர்கள் என்பதால் புகாருக்கு முன் பேச்சுதான் முறை. என்னுடன் வர விரும்பும் பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலரிடம் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்