பால் நேரத்தில் எங்களை உள்ளே விடுங்கள்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும், நர்சிங் மேற்பார்வையாளர் அவர்களுக்கும்,

வணக்கம். மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். என் மகள் போன வருஷம் 38 நாள் உங்கள் பிரிவில் இருந்தாள். எனக்குப் பிரஷர் ஏறி, 31-வது வாரத்தில், 1,280 கிராம் எடையோடு பிறந்தவள். அவளை உயிரோடு என் கையில் கொடுத்தவர்கள் நீங்கள். எங்கள் குடும்பம் அதை எந்நாளும் மறக்காது. இந்த மடலை எழுதாமல் பதினான்கு மாதம் பொறுத்திருந்ததற்கும் அந்த நன்றிதான் காரணம்.

போன வியாழக்கிழமை அந்தப் பொறுமை போய்விட்டது. தாராவியில் எங்கள் சந்திலேயே குடியிருக்கும் ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, இப்போது உங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். குழந்தை 32 வாரத்தில் பிறந்து பதினேழு நாள் ஆகிறது. 'சக்கிங் வீக்', அதாவது உறிஞ்சப் பலம் போதாது என்று ஃபைலில் எழுதிவிட்டார்களாம். பவுடர் பால் டின் வாங்கி வரச் சொன்னார்களாம். "நீ எத்தனை தடவை மார்பில் வைத்துப் பார்த்தாய்?" என்று கேட்டேன். "ஒரு தடவைகூட விடவில்லை அக்கா" என்றாள்.

என் மகளின் ஃபைலிலும் அதேதான் எழுதியிருந்தது. அன்றைக்கு நானும் ஒரு தடவைகூட அவளை மார்பில் வைத்திருக்கவில்லை.

உங்கள் பிரிவின் நேரக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வெளியே நிற்பவளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குழந்தைகளுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை பால்: எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று இரவும் பகலும் பன்னிரண்டு வேளை. தாய் பார்க்கும் நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்து. தலைக்குப் பதினைந்து நிமிடம். பால் நேரமெல்லாம் இரட்டைப்படை மணியில் வரும், எங்கள் நேரம் ஒற்றைப்படையில் வரும். இரண்டும் ஒரு நாளும் சந்திக்காது. வேண்டுமென்றே யாரும் இப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் பதினெட்டு நாள் என் மகள் பால் குடித்ததை நான் பார்க்கவே இல்லை. பால் என்னுடையது. இரண்டு மணிக்கு ஒருமுறை பீய்ச்சி, பெயர் ஒட்டி, கதவைத் தட்டிக் கொடுப்பேன். கதவு மூடும். மணி அடித்ததுபோல அந்த நேரத்துக்கு நெஞ்சு கனத்து ரவிக்கை நனையும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ என் குழந்தைக்கு என் பாலை ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.

பத்தொன்பதாம் நாள் நான்கு மணிப் பால் தாமதமாகிவிட்டது. ஏதோ ஒரு குழந்தையை அவசரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு நான் உள்ளே போனபோது சிஸ்டர் என் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் பாலை இறக்கும் குழாயை விட்டுவிட்டு வாயால் கொடுக்கத் தொடங்கிய முதல் நாட்கள் அவை. பாலாடையில் 25 மில்லி. ஊரில் நாங்கள் சங்கு என்று சொல்வது. குழந்தை மல்லாந்து இருந்தாள். புருவம் சுருங்கியது. மூடியிருந்த கை திறந்து ஐந்து விரலும் விசிறிபோல் விரிந்தன. கடைவாயில் பால் வழிந்தது. எனக்கு அப்போது எந்தப் படிப்பும் இல்லை, ஆனாலும் அவள் 'போதும்' என்கிறாள் என்று தெரிந்தது. "சிஸ்டர், தாம்பா" என்றேன். நிறுத்துங்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மராட்டியில் அந்தச் சொல்தான் முதலில் வந்தது. "இன்னும் பத்து மில்லிதான்" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு குழந்தையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாக் குழந்தைக்கும் நேரம் தப்பியிருந்தது. அடுத்த வாயில் என் மகளுக்குப் புரையேறியது. உதடு நீலம் பாய்ந்தது. மானிட்டர் அலறியது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மறுபடியும் குழாய். அன்றைக்குத்தான் ஃபைலில் அந்த வரி ஏறியது. குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லையாம். அவள் விரல் விரித்துச் சொன்னதைக் கேட்க ஆளில்லை என்பதை எழுத அந்த ஃபைலில் இடமில்லை.

பன்னிரண்டு வேளையும் தாயை உள்ளே விடுங்கள். என் கோரிக்கை இதுதான். இதற்குமேல் நான் எழுதுவதெல்லாம் இதற்குக் காரணம் சொல்வதற்குத்தான்.

உறிஞ்சவும் விழுங்கவும் குழந்தை வயிற்றுக்குள்ளேயே பழகத் தொடங்கிவிடுகிறது. ஆனால் உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சி என்று மூன்றையும் ஒரு தாளத்தில் கோப்பது கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரம் வாக்கில்தான் கூடிவர ஆரம்பிக்கிறது. சில குழந்தைக்கு இன்னும் நாளாகும். விழுங்கும் கணத்தில் மூச்சு நின்றுதான் போகும். நமக்கும் அப்படித்தான், ஆனால் நாம் உடனே மூச்சை எடுத்துக்கொள்கிறோம். குறைமாதக் குழந்தைக்கு அதற்குள் அடுத்த வாய்ப் பால் வந்துவிட்டால் எங்கே போகும்? இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது உங்கள் பிரிவிலேயே வேலை பார்த்த ஒரு இரவு சிஸ்டர். மலையாளி. அவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதால் அவரைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

கூட வந்தவர்கள் தங்கும் கீழ்த்தளக் கூடத்தில் நான் படுத்திருப்பேன். இருபத்து நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவர் வந்து என்னை எழுப்பி மேலே கூட்டிப்போனார். கைகழுவ வைத்தார், கவுன் கொடுத்தார். பாலை முழுக்கப் பீய்ச்சிவிடச் சொல்லி, வெறும் மார்பில் குழந்தையைச் சாய்த்தார். அதே நேரம் குழாய் வழியாகப் பால் சொட்டுச் சொட்டாக அவள் வயிற்றுக்குள் இறங்கியது. "வாயில் சப்பினால் வயிறு நிறையும் என்று இவளுக்குத் தெரியட்டும்" என்றார். அவள் முதலில் முகர்ந்தாள். அப்புறம் நக்கினாள். அன்றைக்கு அவ்வளவுதான். ஐந்தாவது இரவில் நான்கு தடவை சப்பி, நிறுத்தி, பெருமூச்சு விட்டு, மறுபடி சப்பினாள். பாலாடையில் கொடுக்கும்போது ஒருக்களித்து, தலையைச் சற்றே உயர்த்திப் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். மூன்று நான்கு விழுங்கலுக்கு ஒருமுறை பாலாடையைத் தாழ்த்தி, அவள் மூச்சு எடுக்கும்வரை நிறுத்த வேண்டும். கண்ணைத் திறந்து, கையை வாய்க்குக் கொண்டுபோனால் பசி. புருவம் சுருங்கினால், விக்கல் வந்தால், விரல் விரிந்தால், முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும். மிச்சம் எத்தனை மில்லி இருந்தாலும் சரி, அது குழாயில் போகட்டும்.

கடிகாரத்தைப் பார்த்து இவ்வளவு மில்லி உள்ளே போக வேண்டும் என்று ஊட்டும்போது இத்தனையையும் பார்க்க முடியாது. ஏழு குழந்தை வைத்திருக்கும் சிஸ்டரால் முடியவே முடியாது. ஒரே குழந்தையை வைத்துக்கொண்டு வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவளால் முடியும். அவள் உங்கள் கதவுக்கு வெளியேதான் இருக்கிறாள், சம்பளமும் கேட்கமாட்டாள்.

தொற்று வந்துவிடும் என்று சொல்வீர்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னீர்கள், நானும் நம்பினேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துபவள் நான். வீட்டுக்கு வந்தபிறகு தேடித் தேடிப் படித்தேன். குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு பற்றி உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. நம் நாட்டிலிருந்து அதில் இருந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. பிறக்கும்போது ஒரு கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவுக்குக் கீழேயும் இருந்த குழந்தைகள், என் மகளைப் போன்றவர்கள். உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாயைக் கட்டில் போட்டுப் படுக்கவைத்து, குழந்தையை நெஞ்சோடு வைத்தார்கள். அந்தக் குழந்தைகளிடையே 28 நாளுக்குள் இறப்பு கால் பங்கு குறைந்தது. தொற்று இருக்கிறதோ என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் அந்தப் பக்கத்தில்தான் குறைவு, தாயைப் பிரித்துவைத்த பக்கத்தில்தான் அதிகம். மற்றக் குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது சரியில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதற்கும் முன்பே, 2017-ல், குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துக் குழந்தைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அரசுப் பிரிவுகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. டெல்லியில் அரசாங்க மருத்துவமனையில் முடிவது, இவ்வளவு கட்டணம் வாங்கும் இடத்தில் ஏன் முடியாது?

இந்த ஊரில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சயான் மருத்துவமனை. டாக்டர் ஆர்மைடா பெர்னாண்டஸ் 1989-லேயே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கேதான் தொடங்கினார். பால் பத்தாத தாயின் குழந்தைக்கு இன்னொரு தாயின் பால் கிடைக்கட்டும் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே யோசித்த ஊர் இது. பாந்த்ராவில் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. விழுங்கும் சிக்கலைப் பார்ப்பதும் அந்தப் படிப்பில் ஒரு பகுதிதான். அவர்களில் ஒருவரை வாரத்துக்கு ஒருமுறையாவது வரவழைக்க முடியாதா? மாறாக, பால் ஊறித் ததும்பும் ஒரு பெண்ணிடம் டின் வாங்கி வரச் சொல்கிறீர்கள். இன்னும் இருக்கிறது. அவளுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. மராட்டியிலும் இங்கிலீஷிலும் நீட்டிய தாள்களில் கையெழுத்து போட்டிருக்கிறாள், எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. நான் படுத்திருந்த கூடத்தையும் இப்போது மூடிவிட்டீர்களாம். ஆபரேஷன் தையல் ஆறாத வயிற்றோடு, ஐஸ் பையில் பாலை வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் தினமும் இரண்டு நடை வருகிறாள். பதினைந்து நிமிடம் பார்க்க. அவள் புருஷன் தோல் பட்டறையில் வேலை. உங்கள் ஒரு நாள் பில்லுக்கு அவன் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்ப நீங்கள் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? உடல் சூடு குறையாமல் நிற்கிறதா, எடை ஏறுகிறதா, வாயால் குடிக்கிறதா. மூன்றுக்கும் தாயின் நெஞ்சு உதவும், அவளை வெளியே நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நாளும் பில்லில்தான் ஏறுகிறது.

கோபத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் நன்றாக இருக்கிறாள், இட்லியைப் பிட்டுத் தானே வாயில் வைத்துக்கொள்கிறாள். ஆனால் எட்டாம் மாதம்வரை கரண்டி வாய்க்கு வந்தாலே முகத்தைத் திருப்பி, உடம்பை வில்லாக வளைத்து அழுவாள். அந்தப் பத்தொன்பதாம் நாளின் விளைவா இது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. வாய்க்கு வருவதெல்லாம் பயம் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாளோ என்று ஒவ்வொரு வேளையும் நினைத்தேன், அவ்வளவுதான்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவது, உங்கள் கதவுக்கு வெளியே நிற்கும் மற்றத் தமிழ்த் தாய்மாரும் படிக்கட்டும் என்றுதான். மராட்டியில் எழுதிய பிரதியை என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுப்பார்.

பணிவோடு கேட்கிறேன். பன்னிரண்டு வேளையும் தாயை உள்ளே விடுங்கள். உடனே எல்லாருக்கும் முடியாது என்றால், குழாயிலிருந்து வாய்க்கு மாறும் குழந்தைகளின் தாய்மாரிலிருந்து தொடங்குங்கள். அந்த மூடிய கூடத்தைத் திறந்துவிடுங்கள், இரவுப் பாலுக்கும் அவர்கள் இருப்பார்கள். எங்கள் சந்துப் பெண் நாளைக் காலை பத்து மணிக்கெல்லாம் கதவருகே வந்துவிடுவாள். அது பால் நேரம். தொட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். மராட்டி தெரிந்த ஆள் வேண்டுமென்றால் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் 38 நாள் இருந்த ஒரு குழந்தையின் அம்மா,
தாராவி, மும்பை