செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சனசமூக நிலைய அங்கத்தவர்களே,

பொங்கல் விழா, சிரமதானம், வாணி விழா வழமைபோல நடந்தன. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தடையின்றி வந்தன. நிர்வாகக் கூட்டங்கள் பல, போதிய அங்கத்தவர் வராததால் கோரம் இல்லாமல் ஒத்திப்போயின.

சனிக்கிழமைக் கணித வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முறைப்பாடு வந்தது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் கசந்தது. அதனால் தோட்டக் கூலியையே சமன்பாடாக்கினோம். வெங்காயம் பிடுங்கும் ஒரே வேலைக்கு ஆணுக்கு 2,500 ரூபா, பெண்ணுக்கு 1,500 ரூபா என்று எடுத்துக்கொண்டோம். இருவருக்கும் 10 வீதம் கூட்டினால் சரிதானே என்றார்கள் பிள்ளைகள். கூட்டிப் பார்த்தால் 1,000 ரூபா வித்தியாசம் 1,100 ஆகிறது. சரி, இருவருக்கும் ஒரே தொகை கூட்டினால்? வரைபில் இரண்டு சமாந்தரக் கோடுகள், ஒருநாளும் சந்திக்கா. ஆணுக்கு வருடம் 100, பெண்ணுக்கு 300 கூட்டினால் ஐந்தாம் வருடம் சந்திக்கும். அதுவரை அந்தப் பெண் ஏன் பொறுத்திருக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்குச் சமன்பாட்டில் விடை இல்லை, கூலி கொடுக்கும் நாங்கள்தான் சொல்லவேண்டும்.

பிறகு கடைச் சம்பளம். 2025 ஏப்ரலில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவானது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் 24,840. முதலாளி 12 வீதம் தன் பங்காகப் போடவேண்டும். இதைச் செய்து பழகிய பிள்ளைகள் வீட்டில் அக்காமாரின் சம்பளச் சிட்டையைக் கேட்டார்கள். சிலருக்குச் சிட்டையே இல்லை.

கணக்கு வகுப்பில் அரசியல் என்பதுதான் முறைப்பாடு. தேயிலைத் தோட்டங்களில் ஆண், பெண் கூலி வித்தியாசம் 1984இலேயே நீக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. நாடு ஒத்துக்கொண்டதைப் பிள்ளைகள் கணக்காகச் செய்வதில் நான் பிழை காணவில்லை. முறைப்பட்டவர்கள் ஒருநாளாவது வகுப்புக்கு வந்து இருந்து பார்த்திருக்கலாம்.

வரவு செலவு சமாளிக்கக்கூடியதாக இருந்தது, விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். ஆனால் சந்தா நிலுவை கூடிக்கொண்டே போகிறது. வரைபுத்தாளுக்கும் மின்கட்டணத்துக்கும் ஒவ்வொரு முறையும் கையேந்த வேண்டியிருக்கிறது.

சம்பளமின்றிக் கற்பித்த ஆசிரியைகளுக்கும், உதவிய வெளிநாட்டு உறவுகளுக்கும் நன்றி.

வரும் வருடமும் வகுப்பு நடக்கவேண்டும் என்பதே என் விருப்பம். சந்தா வந்தால் நடக்கும். பிள்ளைகளின் வரைபுகளை வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த போகத்துக்குக் கூலி பேசுமுன் தோட்டக்கார அங்கத்தவர்கள் ஒருமுறை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்